ரிதம் கிட்டாரிலிருந்து பேஸுக்கு மாறுகிறேன்: கை வலி, ஆம்ப், கட்டைக் கணக்கு

அல்சூர்_ரிதம்

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூரு அல்சூர்ல ஒரு மெல்லிசைக் குழுவுல ரிதம் கிட்டார் வாசிக்கிறேன். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, தமிழ்ச் சங்க மேடைன்னு பழைய பாட்டு, புதுப் பாட்டு ரெண்டும் போகும். கீபோர்டு, ட்ரம்ஸ், ஆக்டோபேட், ரெண்டு கிட்டார் இருக்கு; பேஸ் வாசிக்க ஆள் இல்லை. அதனால நான் கிட்டாரை வச்சிட்டு பேஸ் எடுக்கறதுன்னு முடிவு. அடுத்த மேடைக்கு ரெண்டு மாசம் இருக்கு.

இப்போதைக்கு இரவல் வாங்கின, 34 அங்குலக் கம்பி நீளம் உள்ள நாலு கம்பி பேஸ் கையில இருக்கு. முதல் நாலு ஃப்ரெட்ல (நெக்ல குறுக்கே உலோகக் கம்பி பிரிக்கற கட்டம்) வாசிச்சா கொஞ்ச நேரத்துலயே மணிக்கட்டும் கட்டை விரல் அடியும் வலிக்குது. தொடாத கம்பியெல்லாம் தானா உறுமிக்கிட்டே இருக்கு. வீட்டுல இருக்கற 15 வாட் கிட்டார் ஆம்ப்ல போட்டா ஸ்பீக்கர் படபடன்னு அடிக்குது. ரூட் நோட்டு, அதாவது கார்டோட அடி ஸ்வரம், சரியாத்தான் வாசிக்கிறேன், ஆனா பதிவு பண்ணிக் கேட்டா பாட்டுக்குக் கீழே பேஸ் உட்காரவே இல்லை. பிக் (மீட்டுற சின்னத் தகடு) வச்சே வாசிக்கலாமா, விரல் கட்டாயமா? சொந்தமா வாங்கினா எதைப் பார்த்து வாங்கணும்? கார்டு, ஸ்கேல் எல்லாம் தெரியும். பேஸுக்குன்னு தனியா என்ன பழகணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நாலுகம்பி

வலிக்குக் காரணம் தூரம். கிட்டாரில் 1-வது ஃப்ரெட்டிலிருந்து 4-வது ஃப்ரெட் வரை சுமார் 9.7 செ.மீ.; 34 அங்குல பேஸில் அதே நாலு ஃப்ரெட் 13 செ.மீ. விரலுக்கு ஒரு ஃப்ரெட் என்று கிட்டாரில் பழகிய கணக்கை இங்கே பிடித்தால் மணிக்கட்டு மடங்கும், அதை ஈடுகட்டக் கட்டை விரல் நெக்கை நெரிக்கும். உங்களுக்கு வலிக்கும் இரண்டு இடங்களும் அவையே. போதாததற்குக் கம்பியின் இழுவிசையும் கூட. 10-46 செட் (கம்பித் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) போட்ட கிட்டாரில் கம்பி ஒன்றுக்கு சுமார் 7 முதல் 9 கிலோ, 45-105 செட் போட்ட பேஸில் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

5-வது ஃப்ரெட்டுக்குக் கீழே மூன்று விரல் முறைக்கு வாருங்கள். டபுள் பேஸ் வாசிப்பவர்களின் சிமாண்டல் முறை இது. ஆள்காட்டி விரல் ஒரு ஃப்ரெட், நடுவிரல் அடுத்தது, மோதிர விரலும் சுண்டுவிரலும் சேர்ந்து மூன்றாவது. நாலாவது ஃப்ரெட் தேவைப்பட்டால் விரலை நீட்டாதீர்கள், கட்டை விரலோடு சேர்த்து முழுக் கையையும் நகர்த்துங்கள். 5-லிருந்து 8 வரையான தூரம் சுமார் 10.3 செ.மீ., ஏறக்குறைய கிட்டாரின் முதல் நாலு ஃப்ரெட் அளவு. அங்கிருந்து மேலே பழைய நாலு விரல் பழக்கம் தாராளமாகச் செல்லும். கட்டை விரல் நெக்கின் பின்பக்கம் நடுவில், நடுவிரலுக்கு நேர் எதிரே சும்மா ஒட்டி நிற்க வேண்டும். ஒரு சோதனை: வாசித்துக்கொண்டே கட்டை விரலை நெக்கிலிருந்து எடுங்கள். நோட்டு உடனே செத்துப் போனால், கையின் எடையைப் பயன்படுத்தாமல் கிடுக்கி போட்டு அழுத்துகிறீர்கள். ஃப்ரெட் கம்பியை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் விரல் வைத்தால் பாதி அழுத்தம் போதும். இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் வைத்தால் முழு பலம் போட்டாலும் கரகரக்கும்.

வலது கை. ஆள்காட்டி, நடுவிரல் மாற்றி மாற்றி. கம்பியை வெளிப்பக்கம் சுண்டி இழுக்கக் கூடாது. உள்பக்கமாகத் தள்ளி, விரல் அடுத்த தடித்த கம்பியில் போய் இளைப்பாற வேண்டும். ஜி கம்பியை மீட்டிய விரல் டி கம்பியில் நிற்கும், அதனால் டி கம்பி தானாகவே வாய் மூடும். அசைவு விரலின் அடிக் கணுவிலிருந்து வரட்டும். நுனியை மட்டும் மடக்கிக் கொக்கி போட்டால் முன்கை சீக்கிரம் இறுகும். கட்டை விரலைப் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தப் பெட்டி) மேலேயே நட்டுவைக்காதீர்கள். ஈ, ஏ கம்பிகள் வாசிக்கும்போது பிக்கப் மேல் இருக்கலாம். டி, ஜி கம்பிகளுக்குப் போகும்போது கட்டை விரல் ஈ கம்பி மேல் இறங்கி, பக்கவாட்டால் ஏ கம்பியையும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

நீங்கள் சொன்ன உறுமல் இதனால்தான் வருகிறது. பேஸில் ஒரு நோட்டு ஒலித்தால் தொடாத கம்பிகளும் அதோடு அதிரும். கிட்டாரில் அந்த அதிர்வு இனிமையாகச் சேரும். பேஸில் அது சேறு. ஓப்பன் ஈ 41.2 ஹெர்ட்ஸ், அதே கம்பியில் முதல் ஃப்ரெட் எஃப் 43.65. கீழே ஏதோ ஒரு ஈ மிச்சமிருக்க, இன்னொருவர் அதே உயரத்தில் எஃப் பிடித்தால் நொடிக்கு இரண்டரை முறை ஒலி ஏறி இறங்கி அலையடிக்கும். கேட்பவருக்கு சுருதி சேராத மாதிரி இருக்கும், காரணம் புரியாது.

அதனால் முதல் இரண்டு வாரம் நோட்டைத் தொடங்குவதை விட முடிப்பதைப் பழகுங்கள். மெட்ரோனோம் 60. ஏதாவது ஒரு நோட்டு, 1-ல் மீட்டி, 3-வது அடி விழும் அந்தக் கணத்தில் நிறுத்துங்கள். 3-ம் 4-ம் முழு மௌனம். நிறுத்துவது இடது கையால்: விரலைக் கம்பியிலிருந்து எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் விடுங்கள். முழுக்க எடுத்தால் ஓப்பன் கம்பி ஒலிக்கும். ஒரே விரலை மட்டும் கம்பி மேல் விட்டால் சில இடங்களில் ஹார்மோனிக்ஸ் மணி அடிக்கும், 5, 7, 12-வது ஃப்ரெட்டுகளில் முக்கியமாக. அதற்கு இரண்டு மூன்று விரல்களைச் சேர்த்துப் படுக்க வைக்க வேண்டும். ஓப்பன் கம்பியை நிறுத்தவும் இதே படுக்கை விரல்தான். இது சரியாக வந்தபின் ஒரு அடி ஒலி, ஒரு அடி மௌனம். அப்புறம் அரை அடி. போனில் பதிவு செய்து ஹெட்போனில் கேளுங்கள். மௌனமான அடிகளில் ஏதாவது முனகினால் அது எந்தக் கம்பி என்று கண்டுபிடிக்கும்வரை வேகத்தை ஏற்ற வேண்டாம்.

பிக் பற்றி: தாராளமாக. 1961-ல் கிட்டாரிலிருந்து பேஸுக்கு மாறிய பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியும், 1963 வாக்கில் கிட்டாரிலிருந்து வந்த அமெரிக்க ஸ்டுடியோ கலைஞர் கரோல் கேயும் பெரும்பாலும் பிக் வைத்தே வாசித்தவர்கள். ஆனால் கிட்டாரின் மெல்லிய பிக் கம்பிக்கு வளைந்து கொடுத்து டிக் டிக் என்று சத்தம் மட்டும் போடும். 1 மி.மீ.க்குக் குறையாமல் வாங்குங்கள். வலது உள்ளங்கையின் ஓரம் பிரிட்ஜ் அருகே கம்பிகளில் லேசாகப் படியட்டும். எல்லாம் கீழ் நோக்கிய அடியாகவே இருக்கட்டும். மேலும் கீழும் அடித்தால் உங்கள் ரிதம் கை விழித்துக்கொண்டு நடுவில் கூடுதல் நோட்டுகளை நுழைக்கும்.

கிக்_கூட்டாளி

ரூட் நோட்டு சரியாக இருந்தும் பேஸ் உட்காராததற்கு மேலே சொன்ன நோட்டு நீளம் பாதிக் காரணம். மீதிப் பாதி கிக் ட்ரம் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய ட்ரம்). நீங்கள் இவ்வளவு நாள் ஹை-ஹாட்டை (ஜோடித் தாளத் தட்டு) கேட்டு வாசித்திருப்பீர்கள், ரிதம் கிட்டாரின் கூட்டாளி அதுதான். இனி காதைக் கீழே இறக்கி கிக்கில் வையுங்கள். பயிற்சி அறையில் ட்ரம்மரையும் உங்களையும் மட்டும் வைத்து இருபது நிமிடம் வாசியுங்கள். கிக் விழும் இடத்தில் மட்டும் ரூட், ஸ்னேர் (குச்சியால் அடிக்கும் சின்ன ட்ரம்) விழும் கணத்தில் நோட்டை நிறுத்துங்கள். ஸ்னேருக்கு இடம் கிடைத்ததும் தாளம் தானாக எழுந்து நிற்பது கேட்கும். ஸ்னேர் மேலும் பேஸ் ஒலித்துக்கொண்டே இருந்தால் அதே பாட்டு இழுவையாகத் தெரியும், வேகம் மாறாமலே.

பேஸில் நாலு கம்பிகளும் சம ஸ்வர இடைவெளியில் இருப்பதால் கிட்டாரில் பி கம்பியிடம் வரும் அந்தக் கோணல் இங்கே இல்லை. ஒரு வடிவம் கற்றால் எல்லா இடத்துக்கும் அதுதான். ரூட்டிலிருந்து அடுத்த மெல்லிய கம்பியில் இரண்டு ஃப்ரெட் மேலே ஐந்தாவது ஸ்வரம்; அதற்கும் அடுத்த கம்பியில் அதே ஃப்ரெட் ஆக்டேவ் (ரூட்டின் மேல் ஸ்தாயி). ரூட், ஐந்து, ஆக்டேவ் மூன்றும் ஒரே கைக்குள் இருக்கும். முதலில் பத்துப் பாட்டை இந்த மூன்று நோட்டுக்குள் மட்டும் வாசித்து முடியுங்கள். அதன் பிறகு 4-வது அடியில் அடுத்த ரூட்டுக்கு அரை ஸ்வரம் கீழேயோ மேலேயோ ஒரு நோட்டு வைத்து வழி காட்டலாம். கார்டு தாளில் கோடு போட்டு எழுதியிருந்தால், சி கோடு ஈ என்பது போல, கோட்டுக்குப் பின்னால் இருப்பதுதான் உங்கள் நோட்டு. ஜி, டி கோடு எஃப் ஷார்ப், ஈ மைனர் என்று வரும் இடத்தில் நீங்கள் ஜி, எஃப் ஷார்ப், ஈ என்று படியிறங்க வேண்டும். நடுவில் டி வாசித்தால் படி உடைந்துவிடும். கீபோர்டும் கிட்டாரும் என்ன கார்டு பிடித்தாலும் அதற்குப் பெயர் வைப்பது நீங்கள் வாசிக்கும் ஒரு நோட்டு. கிட்டாரில் இருந்திராத பொறுப்பு இது.

கிட்டார் கை செய்யத் துடிக்கும் ஒன்று: ஈ, ஏ கம்பிகளில் இரண்டு நோட்டு சேர்த்து பவர் கார்டு. அந்த உயரத்தில் அது வெறும் இரைச்சல். இரண்டு நோட்டு வேண்டுமென்றே தோன்றினால் ஈ கம்பி 3-வது ஃப்ரெட்டில் ஜி, ஜி கம்பி 4-வது ஃப்ரெட்டில் பி, நடுக் கம்பிகள் இரண்டும் மௌனம். இவ்வளவு விரிந்திருந்தால் தெளிவாகக் கேட்கும். மெதுவான பாட்டின் முடிவில் ஒரு முறை போதும்.

மெல்லிசை மேடைக்கென்று இரண்டு விஷயம் தனியாகக் கவனிக்க வேண்டும். ஒன்று, கீபோர்டுக்காரரின் இடது கை. பேஸ் ஆள் இல்லாத நாட்களில் அவர் கீழ் ஸ்வரங்களை நிரப்பியே பழகியிருப்பார். நீங்கள் வந்த பிறகு அவர் இடது கையை நடு சி-க்கு ஓர் ஆக்டேவ் கீழே உள்ள சி-க்குக் கீழே இறக்கக் கூடாது. அரேஞ்சர் கீபோர்டில் ஸ்டைல் ஓட்டினால் அதற்குள்ளேயே ஒரு பேஸ் பகுதி இருக்கும். அந்தச் சானலை அணைக்கச் சொல்லுங்கள். இரண்டு பேஸ் ஒரே நேரத்தில் ஓடினால் எவ்வளவு நன்றாக வாசித்தாலும் குழம்பும். பல குழுக்களில் பேஸ் தெளிவாக இல்லை என்று ஆம்ப்பைத் திருகிக்கொண்டிருப்பார்கள், காரணம் அங்கே இருக்கும்.

இரண்டு, பாட்டுத் தேர்வு. இளையராஜாவின் 80-களின் பாடல்கள் பலவற்றில் பேஸ் ரூட்டோடு நிற்காது. பாடகரின் மெட்டுக்குக் கீழே இன்னொரு மெட்டாக ஓடும், அதைக் கேட்டே வளர்ந்த கூட்டம் எதிரில் உட்கார்ந்திருக்கும். அவற்றை நோட்டு நோட்டாக எடுத்துத்தான் ஆக வேண்டும், ரூட் போட்டு ஒப்பேற்ற முடியாது. அதனால் ரெண்டு மாதத்தில் அப்படிப்பட்ட பாட்டு மூன்றுக்கு மேல் ஒத்துக்கொள்ளாதீர்கள். ரஹ்மான் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்தவற்றைக் கேட்கும்போது நோட்டுகளைவிட இடைவெளிகளைக் கவனியுங்கள். எங்கே வாசிக்காமல் விடுகிறார் என்பதே பாடம்.

பேஸை எடுத்து எழுதும்போது போன் ஸ்பீக்கரை நம்ப வேண்டாம். அடி ஸ்வரங்கள் அதில் வரவே வராது, மேல் ஹார்மோனிக்ஸை வைத்துக் காது ஊகிக்கும், ஆக்டேவ் தவறும். ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் பாட்டை ஓர் ஆக்டேவ் ஏற்றி, வேகத்தை 70 சதவீதமாக்கி, ஹெட்போனில் கேளுங்கள். பேஸ் வரி கிட்டார் வரி போலத் துலக்கமாக மேலே வந்துவிடும்.

6/8 நடைப் பாட்டுகளில் 1-லும் 4-லும் நோட்டு, 6-ல் தேவைப்பட்டால் ஒரு எடுப்பு. குத்துப் பாட்டில் ட்ரம்ஸும் ஆக்டோபேடும் ஏற்கெனவே எல்லா இடத்தையும் நிரப்பிவிடும்; அங்கே குறைவாக வாசிப்பவர்தான் கேட்கப்படுவார்.

செட்டப்_பெஞ்ச்

ஆம்ப் பத்தி நான் சொல்றேன். அந்த 15 வாட் கிட்டார் ஆம்ப்ல சத்தம் ஏத்தி வாசிக்கறதை இன்னிக்கே நிறுத்திடுங்க. ஒரே அளவு சத்தம் வரணும்னா, ஓர் ஆக்டேவ் கீழே போகும்போது ஸ்பீக்கர் கோன் நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போகணும். கிட்டாரோட கடைசிக் கம்பி 82.4 ஹெர்ட்ஸ், பேஸோட ஈ கம்பி 41.2. கிட்டார் ஸ்பீக்கர் அவ்வளவு தூரம் போகிற மாதிரி செஞ்சதே இல்லை. பின்பக்கம் திறந்த கேபினட்னா கோனைத் தாங்கப் பின்னாடி காத்தழுத்தமும் இல்லை. நீங்க கேட்ட படபட, வாய்ஸ் காயில் எல்லையைத் தாண்டி அடிக்கிற சத்தம். கோன் ஓரம் கிழியும், இல்லைன்னா காயில் தேயும். படுக்கையறை அளவுக்குச் சின்னதா, பேஸ் குமிழை இறக்கி வாசிச்சா ஒண்ணும் ஆகாது. ஹெட்போன் ஜாக் இருந்தா அதுலயே பழகுங்க. அடுக்குமாடி வீட்டுல அது அக்கம்பக்கத்துக்கும் நல்லது, ஏன்னா பேஸ் சுவரைத் தாண்டிப் போகும்.

ட்ரம்ஸோட வாசிக்கக் குறைஞ்சது 100 வாட், 12 இல்ல 15 அங்குல ஸ்பீக்கர் உள்ள பேஸ் காம்போ. இந்திராநகர், கோரமங்களா பக்கம் மணிக்கணக்குல வாடகைக்கு விடற ஜாம் ரூம்ல பேஸ் ஆம்ப் இருக்கான்னு முன்கூட்டியே போன் பண்ணிக் கேட்டுக்குங்க. மேடைக்கு ஆம்ப்பைவிட டிஐ பாக்ஸ் (பேஸ் சிக்னலை மிக்ஸருக்கு ஏத்த மாதிரி மாத்தற பெட்டி) முக்கியம். பாஸிவ் (பேட்டரி இல்லாத) பேஸை நேரா மிக்ஸரோட லைன் இன்புட்ல செருகினா சத்தம் மந்தமா, போர்வை போத்தின மாதிரி வரும். பிக்கப்புக்கு 10 லட்சம் ஓம் அளவு இன்புட் வேணும், லைன் இன்புட் வெறும் 10, 20 ஆயிரம் ஓம்தான் தரும். பாஸிவ் பேஸுக்கு ஆக்டிவ் டிஐ, ஆக்டிவ் (பேட்டரி உள்ள) பேஸுக்குப் பாஸிவ் டிஐ போதும். ஆக்டிவ் டிஐக்கு மிக்ஸர்ல 48 வோல்ட் ஃபான்டம் (கேபிள் வழியா மிக்ஸர் தர்ற மின்சாரம்) போடச் சொல்லணும். அதைப் போடாம "லைன் வரலை"ன்னு கேபிளை மாத்திக்கிட்டே இருக்கறது மேடையில அடிக்கடி நடக்கும்.

இரவல் பேஸ்னு சொன்னீங்க, செட்டப் பார்க்காம கையைக் குறை சொல்ல வேண்டாம். சுருதி சேர்த்துட்டு, முதல் ஃப்ரெட்ல கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கிற கிளிப்) போட்டு, நெக்கும் உடம்பும் சேர்ற இடத்து ஃப்ரெட்ல ஈ கம்பியை அழுத்துங்க. 7-வது ஃப்ரெட் மேல கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல 0.3 மி.மீ., அதாவது ஒரு விசிட்டிங் கார்டு நுழையற இடைவெளி இருக்கணும். அதிகமா இருந்தா ட்ரஸ் ராடை (நெக்குக்குள்ள வளைவைச் சரிசெய்யற இரும்புக் கம்பி) வலப்பக்கம், இடைவெளியே இல்லைன்னா இடப்பக்கம். ஒரு தடவைக்குக் கால் சுத்து, அதுக்கு மேல வேண்டாம். திரும்ப சுருதி சேர்த்து அளந்துட்டுத்தான் அடுத்த கால் சுத்து. திருப்ப பலம் தேவைப்பட்டா அங்கேயே நிறுத்திட்டுக் கடைக்குக் கொண்டு போங்க. ராடு முறிஞ்சா நெக்கே போச்சு. அப்புறம் 12-வது ஃப்ரெட்ல கம்பி உயரம்: ஈ கம்பி 2.5, ஜி கம்பி 2 மி.மீ. பக்கம். 4 மி.மீ. இருந்தா யார் வாசிச்சாலும் கை வலிக்கும். பெங்களூருல பிப்ரவரி-ஏப்ரல் வறட்சிக்கும் ஜூன் மழைக்கும் நடுவுல நெக் வளைவு மாறும், அதனால வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது அளந்து பாருங்க.

கம்பி மாத்தும்போது பேக்கெட்ல லாங் ஸ்கேல், 45-105ன்னு இருக்கான்னு பாருங்க. சுருதிக் கீயைத் தாண்டி 10-12 செ.மீ. விட்டு, முதல்ல 90 டிகிரி மடக்கிட்டு அப்புறம் வெட்டணும். மடக்காம வெட்டினா மேல சுத்தின கம்பி உள்கம்பியிலிருந்து நழுவும், புதுக் கம்பி முதல் நாளே செத்த சத்தம் தரும்.

வாங்கறதுன்னா கிட்டார் கைக்கு ஃபெண்டரோட ஜாஸ் பேஸ் மாடல் மாதிரி நெக் ஒத்து வரும், நட்டு (நெக் நுனியில கம்பி உட்காரற பட்டை) அகலம் 38 மி.மீ. அவங்களோட பிரிசிஷன் பேஸ் மாதிரின்னா 41 மி.மீ.க்கு மேல. ஆனா பிரிசிஷன்ல ஒரே பிக்கப், எந்த மேடையிலயும் ஒரே மாதிரி கேட்கும். ஜாஸ்ல ரெண்டு பிக்கப்பும் முழுசா திறந்திருந்தாத்தான் ஹம் (மின் இரைச்சல்) அடங்கும். ஒண்ணைக் குறைச்சா எல்இடி திரை பக்கத்துல இரையும். யமஹா டிஆர்பிஎக்ஸ்174-ல ரெண்டு வகை பிக்கப்பும் இருக்கு, பேட்டரி வேண்டாம், தொடக்கத்துக்கு நல்ல தேர்வு. கை ரொம்பச் சின்னதுன்னா 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் பாருங்க. கடையில கட்டாயம் தோள் பட்டை மாட்டி நின்னு ரெண்டு கையையும் விடுங்க. ஹெட்ஸ்டாக் கீழே சாய்ஞ்சா அதைத் தாங்கறது உங்க இடது கைதான், அந்தப் பேஸ் வேண்டாம். பட்டை 7, 8 செ.மீ. அகலம் இருக்கட்டும், பேஸ் 4 கிலோ பக்கம் வரும். முழு நீளம் ஏறக்குறைய 117 செ.மீ., ஸ்கூட்டர்ல முதுகுல மாட்டினா தலைக்கு மேல நிக்கும். பேஸ்மென்ட் பார்க்கிங் பீம்ல இடிச்சு கீ வளைஞ்சு வர்ற கேஸ் நிறைய.

அல்சூர்_ரிதம்

ரொம்ப நன்றிங்க. கீபோர்டு ஸ்டைல்ல பேஸ் சானல் திறந்தேதான் இருந்திருக்கு, அணைச்சாச்சு. இன்னும் ஒரு சந்தேகம். பாடகர்கள் சுருதியை "இது அஞ்சரைக் கட்டை, அது ரெண்டு கட்டை"ன்னு சொல்வாங்க. கிட்டார்ல கேப்போவை நகர்த்திட்டு அதே ஜி, சி, டி வடிவம் பிடிச்சிடுவேன். பேஸ்ல என்ன பண்றது? அதோட ரெண்டு கட்டைப் பாட்டுல கீழ் டி கிடைக்க மாட்டேங்குது. அஞ்சு கம்பி வாங்கிடலாமா?

நாலுகம்பி

கேப்போவை மறந்துவிட்டுக் கட்டையை நேராக பேஸின் நெக்கில் படியுங்கள். 1 சி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. அரைக் கட்டைகள் ஒன்றரை, ரெண்டரை, நாலரை, அஞ்சரை, ஆறரை, ஐந்தும் ஷார்ப். மூன்றரையும் ஏழரையும் கிடையாது. அப்படிப் பார்த்தால் பேஸின் ஓப்பன் கம்பிகள் கீழிருந்து 3, 6, 2, 5. ஈ கம்பியில் முதல் ஃப்ரெட் 4, அப்புறம் நாலரை, 5, அஞ்சரை, 6, ஆறரை, 7, எட்டாவது ஃப்ரெட் 1. ஏ கம்பியில் முதல் ஃப்ரெட் ஆறரை, அப்புறம் 7, 1, ஒன்றரை, 2, ரெண்டரை, ஏழாவது ஃப்ரெட் 3. இந்த இரண்டு கம்பிகளிலும் கட்டை சொன்னவுடன் விரல் போய் நிற்க வேண்டும். அதற்கு மேல் எல்லாம் வடிவம்தான்.

ஓப்பன் கம்பியே தொடாமல் ஒவ்வொரு பாட்டையும் பழகுங்கள். அஞ்சு கட்டையில் பழகிய பாட்டைப் பாடகர் மேடையில் அஞ்சரைக்கு ஏற்றினால் ஒரு ஃப்ரெட் தள்ளி அப்படியே வாசிக்கலாம். ஓப்பன் கம்பி ஒன்று இருந்தாலும் அந்த இடத்தில் கை தடுமாறும்.

கவனம் தேவைப்படும் இடம் கீபோர்டின் ட்ரான்ஸ்போஸ் பட்டன். கீபோர்டுக்காரர் அரை ஸ்வரம் ஏற்றிவிட்டுத் தன் கைப்படி "ஜி மைனர்" என்று குரல் கொடுப்பார், ஒலிப்பது ஜி ஷார்ப் மைனர். கேப்போ போட்ட கிட்டார்காரரும் இப்படித்தான். அவர்களிடம் கார்டு பெயர் கேட்காதீர்கள். பாடகரிடம் கட்டை கேளுங்கள், மற்றதை ரூட்டிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள்.

அஞ்சு கம்பி இப்போது வேண்டாம். கீழ் டி-க்குப் பதில் ஏ கம்பி 5-வது ஃப்ரெட் டி வாசித்தால் பாட்டில் எதுவும் குறையாது. கட்டாயம் வேண்டுமென்றால் அந்த ஒரு பாட்டுக்கு ஈ கம்பியை டி-க்கு இறக்குங்கள். அப்போது அந்தக் கம்பியில் மட்டும் எல்லாம் இரண்டு ஃப்ரெட் மேலே போகும் என்பது நினைவிருக்கட்டும்.

கிக்_கூட்டாளி

இதில் நாலுகம்பி அண்ணனோடு எனக்கு உடன்பாடில்லை. புதுப் பாட்டுகளில் சிந்தசைசரில் வாசிக்கும் பேஸ் கீழ் டி, கீழ் சி வரை சாதாரணமாகப் போகிறது. அதை ஓர் ஆக்டேவ் மேலே வாசித்தால் கோரஸ் எழும் இடத்தில் அடித்தளம் காணாமல் போகிறது. செட்டில் பாதிக்கு மேல் 2010-க்குப் பிந்தைய பாட்டு என்றால் அஞ்சு கம்பியில் தொடங்குவதே நேரத்தை மிச்சப்படுத்தும். பி கம்பி சும்மா இருக்கும்போது கட்டை விரலுக்கு நல்ல ஓய்விடமும்கூட.

நாலுகம்பி

மேடையின் ஸ்பீக்கர் அதைக் கொடுக்க வேண்டுமே தம்பி. பி கம்பி 30.9 ஹெர்ட்ஸ், அதில் 1-வது ஃப்ரெட் சி 32.7. சப் (கீழ் ஸ்வரங்களுக்கான தனி ஸ்பீக்கர்) இல்லாமல் இரண்டு 12 அங்குலப் பெட்டி மட்டும் வைக்கும் வரவேற்பு மண்டபத்தில் அது கேட்கவே கேட்காது, ஆம்ப்பின் பலத்தை மட்டும் தின்னும். கம்பி இடைவெளியும் பல அஞ்சு கம்பி பேஸ்களில் 19 மி.மீ.யிலிருந்து 17-க்குக் குறைந்துவிடும். கம்பியை அடக்கும் ம்யூட் இன்னும் கைக்கு வராதவருக்கு அடக்க வேண்டிய கம்பி ஒன்று கூடுகிறது. சப் வைக்கும் பெரிய மேடை தொடர்ந்து கிடைக்கிறதென்றால் உன் வாதம் சரி, அப்போது வாங்கட்டும்.

அல்சூர்_ரிதம்

இப்போதைக்கு நாலு கம்பியோடவே போறேன். விசிட்டிங் கார்டு வச்சுப் பார்த்தேன், 7-வது ஃப்ரெட்ல இடைவெளி சுத்தமா இல்லை. 12-வது ஃப்ரெட்ல ஈ கம்பி 3 மி.மீ. கரகரப்பு முதல் நாலஞ்சு ஃப்ரெட்ல மட்டும்தான், மேல சுத்தமா இருக்கு. பேட்டரி பெட்டி ஒண்ணு பின்னாடி இருக்கு, சத்தம் அடிக்கடி பிசிறுது.

செட்டப்_பெஞ்ச்

கீழ் ஃப்ரெட்ல மட்டும் கரகரப்பு, இடைவெளி பூஜ்யம்னா நெக் நேரா நிமிர்ந்துட்டது, இல்ல பின்னாடி சாய்ஞ்சிருக்கு. அதை மறைக்கத்தான் யாரோ பிரிட்ஜ்ல கம்பியை 3 மி.மீ.க்குத் தூக்கி வச்சிருக்காங்க, உங்க கை வலிக்கு அதுவும் ஒரு காரணம். ட்ரஸ் ராடை இடப்பக்கம் கால் சுத்து விடுங்க, சுருதி சேர்த்து ஒரு ராத்திரி வச்சுட்டு காலையில அளங்க. கார்டு நுழையற அளவு வந்தப்புறம் பிரிட்ஜ்ல சாடில் (கம்பி உட்காரற சின்னத் தாங்கி) திருகை இறக்கி 2.5 மி.மீ.க்குக் கொண்டு வாங்க. கடைசியா இன்டொனேஷன்: 12-வது ஃப்ரெட் ஹார்மோனிக்ஸும் அழுத்தின நோட்டும் ட்யூனர்ல ஒண்ணா காட்டணும். அழுத்தின நோட்டு ஏறி நின்னா சாடிலைப் பின்னாடி தள்ளணும், இறங்கி நின்னா முன்னாடி. இரவல் பேஸ், அதனால உரிமையாளர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுத் தொடுங்க.

பிசிறல் 9 வோல்ட் பேட்டரி தீர்ந்து வர்ற அடையாளம். ஆக்டிவ் பேஸ்ல கேபிள் செருகியிருக்கிற வரைக்கும் பேட்டரி ஓடிக்கிட்டே இருக்கும், வால்யூமைக் குறைச்சு வச்சாலும் சரி. வாசிச்சு முடிச்சதும் ஜாக்கைப் பிடுங்கிடுங்க. புதுப் பேட்டரி போட்டும் பிசிறினா ஜாக் தளர்ந்திருக்கும். எஸ்.பி. ரோட்டுல ஸ்டீரியோ கால் அங்குல ஜாக் கேட்டு வாங்குங்க. மோனோ ஜாக் போட்டா பேட்டரி இணைப்பு வேலை செய்யாது, ஸ்டீரியோ ஜாக்கோட மூணாவது காலுக்குத்தான் பேட்டரியோட கறுப்பு வயர் போகும்.